மைனஸ் ஒரு நாள் காப்பு

எனக்கு வேலை கிடைத்ததும் அப்பா எங்கள் பீங்கான் தொழிற்பேட்டை முழுக்க ஒரு செய்தியைப் பரப்பினார். "எம் பொண்ணு மெட்ராஸ்ல காப்பு நீட்டிக்கிற ஆபீஸ்ல இருக்குது."

நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது காப்புரிமை. கண்டுபிடித்தவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் கொடுக்கும் உரிமை. வார்த்தை நீளமாக இருக்கிறதே என்று அப்பா வாலை வெட்டிவிட்டார். மிஞ்சியது காப்பு. விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் காப்பு என்றால் மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிற்றில் கட்டுவதுதான். கட்டிவிட்டால், அவிழ்க்கிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது. நான் சென்னையில் உட்கார்ந்து அம்மனுக்குக் காப்பு நீட்டித்துக்கொண்டிருப்பதாகப் பாதிப் பேட்டை நம்பியது. மீதிப் பாதி, இதற்கெல்லாம் சம்பளம் வேறு கொடுக்கிறார்களா என்று கேட்டது. திருத்திப் பார்த்தேன். பீங்கானில் ஃப்யூஸ் கட்டை செய்கிற அப்பாவிடம் பேசுவதை விட அவர் செய்த கட்டையிடம் பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

என் வேலை இதுதான். ஒரு மருந்துக்குக் காப்புரிமை இருபது வருஷம். விண்ணப்பம் போட்ட அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் மருந்தைக் கடையில் விற்க அரசாங்கம் தனியாக அனுமதி தர வேண்டும். சோதனை, மறுசோதனை என்று அதற்குள் இருபதில் பாதி கரைந்துவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை. போனால் போகிறது என்று ஐரோப்பாவில் ஒரு துணைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில் ஐந்து வருஷத்தைக் கழித்துவிட்டு, மீதியைக் காப்புரிமை முடிந்த பிறகு சேர்த்துத் தருவார்கள். அந்த மீதியும் ஐந்து வருஷத்துக்கு மேல் போகாது. நம் நாட்டில் இந்தச் சான்றிதழே கிடையாது. வெளிநாட்டு வக்கீல்களுக்காகத் தேதிகளைச் சரிபார்த்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் ஆபீஸில் எனக்குக் கடைசி மேஜை.

பேட்டையில் எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் முளைத்த வருஷங்கள் அவை. ஓர் ஆடி மாதம் எனக்கு முதல்முறையாகத் தனியாக ஒரு ஃபைல் கிடைத்தது. சான்றிதழுக்கு விற்பனை அனுமதி கிடைத்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் அழுது புரண்டாலும் கிடைக்காது. அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. "திருவிழாவுக்குப் போ. திங்கட்கிழமை காலையில் மேஜையில் இருந்தால் உன் ஃபைல். இல்லையென்றால் பக்கத்து மேஜைக்குப் போகும்" என்றார் என் மேலதிகாரி. பக்கத்து மேஜைக்காரன் அதைக் கேட்டுப் பேனாவின் மூடியைத் திறந்தான். அவன் கையில் என் ஃபைலைக் கொடுப்பதற்குப் பதில் நான் நடந்தே சென்னைக்குப் போயிருப்பேன்.

ஊரில் செடல் திருவிழா, உடம்பில் அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்துவது. காப்பு கட்டியாயிற்று, ஞாயிறு அன்று அவிழ்ப்பதாக ஏற்பாடு. நானும் ஞாயிறு மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். நடுவில் மைக்செட் குழாயை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் முட்டிக்கொண்டன. சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். குழாய் தங்கள் பக்கம் பார்க்க வேண்டும் என்று இரண்டு தெருவும் கேட்டன. காது கிழிவதற்கு இவ்வளவு போட்டி. சமாதானமாகிவிட்டு வாருங்கள், அப்புறம் அனுமதி தருகிறோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். நான்கு நாள் போயிற்று. குழாயை வானத்தைப் பார்த்துக் கட்டுவது என்று முடிவான பிறகே அனுமதி வந்தது. செடலும் நாலு நாள் தள்ளிப் போனது.

ஞாயிறு காலை கோயிலில் கமிட்டி கூடியது. இன்று காப்பை அவிழ்க்க முடியாது, சரி. நீட்டிக்கலாமா? முன்னே பின்னே யாரும் செய்ததில்லை. கமிட்டித் தலைவர் பொம்மை யூனிட் வைத்திருப்பவர், எனக்குப் பெரியப்பா முறை. அவர் தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார்.

"காப்பு நீட்டிக்கிற ஆபீஸரே நம்ம வூட்டுப் பொண்ணு இருக்குது. அப்புறம் எதுக்கு மண்டய ஒடச்சிக்கிறீங்க? கூப்புடுங்க பாப்பாவ."

அப்பா என்னை மாப்பிள்ளை அழைப்பு போல முன்னால் அழைத்து வந்தார். அது வேறு காப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாயங்கால பஸ் ஞாபகத்துக்கு வந்தது. அனுமதி கிடைக்கத் தாமதம், அதனால் காப்பு நீட்டிப்பு. அட, இது என் கேஸேதான்! இவ்வளவு பொருத்தமான வழக்கு எங்கள் ஆபீஸுக்கே வந்ததில்லை.

"சட்டப்படி நீட்டிக்கலாம் பெரியப்பா. ஆனா லேட்டான கணக்குல மொதல் அஞ்ச கழிச்சிரணும்."

"ஏன்?"

"அவ்ளோ நாளு எல்லாருக்கும்தான் லேட்டாவும். அதுக்கு நஷ்டஈடு கெடையாது."

"நியாயந்தான். நமக்கு எவ்ளோ வருது?"

"நாலு நாளு லேட்டு. அஞ்சு போனா மைனஸ் ஒண்ணு."

பூசாரி மெல்லத் தன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப இது நேத்தே அவுந்துபோச்சா?"

"சட்டப்படி" என்றேன்.

"கயிறு இருக்குதேம்மா?"

"கயிறு இருக்கும். காப்பு இருக்காது."

இப்படி நான் ஆபீஸில் கூடப் பேசியதில்லை. மைனஸ் கணக்கில் சான்றிதழ் உண்டா இல்லையா என்று அப்போது பெரிய பெரிய வக்கீல்களே குழம்பிக்கொண்டிருந்தார்கள். நான் மாரியம்மன் சன்னிதியில் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். பெரியப்பா அரைத் தலை ஆட்டிவிட்டார். இன்னும் அரைத் தலை ஆட்டினால் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கொழந்தைங்களுக்குன்னு என்னமோ கூடக் குடுப்பாங்கன்னு போன்ல பேசினியே, அது என்னா?"

நுணலும் தன் வாயால் கெடும். முந்தின நாள்தான் ஆபீஸுக்குப் போன் போட்டு, கூடம் முழுக்க நடந்து நடந்து பேசியிருந்தேன். அந்த மருந்தைக் குழந்தைகளுக்கும் தரலாமா என்று முறைப்படி ஆராய்ந்தால், சான்றிதழோடு இன்னும் ஆறு மாதம் சேர்த்துக் கொடுப்பார்கள். ஐரோப்பாவில் புதிதாக வந்த சட்டம். அம்மா புளி கரைத்துக்கொண்டே அதையும் கரைத்துக் குடித்திருக்கிறாள்.

"உண்டு, ஆனா அதுக்குக் கொழந்தைங்கள வெச்சி சோதன பண்ணியிருக்கணும்" என்றேன்.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "பண்ணலாமே! பசங்களுக்கு லெமன் ஸ்பூன் ஓட்டம் வெச்சிருக்குதே கமிட்டி. நாள மறுநாளு ஸ்கூலு விட்டதும்."

கூட்டம் கைதட்டியது. மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து தட்டின. எலுமிச்சம்பழத்தையும் ஸ்பூனையும் வைத்து மைனஸைப் பிளஸ் ஆக்கி, என் ஃபைலைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவள் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு நாள் நான் வீட்டில் இருப்பேன் என்ற சந்தோஷம் அந்தக் கும்பிடிலேயே தெரிந்தது. அது தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

"பெரியப்பா, இன்னொரு சட்டம் இருக்குது. எந்த நாட்டுல காப்பு வாங்கினாங்களோ, அந்த நாட்டுக்குள்ளதான் செல்லும்."

"அதத்தான நாங்களும் சொல்றோம்? எல்லையத் தாண்டாதன்னு."

"அப்படியில்ல. வெளியாளுங்களக் கட்டுப்படுத்தாது."

"சரி. இங்க வெளியாளு யாரு?"

பெரியப்பா கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். பதில் சொன்னால் பஸ். சொல்லாவிட்டால் லெமன் ஸ்பூன்.

"நான்தான். நான் மெட்ராஸு."

பெரியப்பா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். பிறகு பெரியப்பா எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, தீர்ப்பைச் சொன்னார். காப்பு நீட்டிக்கப்படுகிறது. ஊர்க்காரர் யாரும் வெளியூர் தங்கக் கூடாது. பாப்பா வெளியூர், போகலாம். கமிட்டியில் யாரும் எதிர்க்கவில்லை. ஒருவராவது எதிர்ப்பார் என்று நினைத்தேன்.

வழக்கில் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். கத்துவாள், நானும் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவளோ என் துணிகளை மடித்துப் பையில் அடுக்கி, முறுக்கு டப்பாவை மேலே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். அப்பா மொபெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மொபெட் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கிளம்பும் நேரத்தில் அம்மா காபி கொண்டுவந்தாள். எங்கள் பேட்டையில் யார் வீட்டிலும் நல்ல கப்பில் குடிக்க மாட்டார்கள். சூளையில் கோணிப்போனது, கைப்பிடி ஒருபக்கம் சாய்ந்தது, பூச்சு கொப்புளித்தது எல்லாம் வீட்டுக்கு. குறையில்லாத உருப்படி வெளியூர்க்காரர் வந்தால் மட்டும்தான் அலமாரியை விட்டு இறங்கும். என் கைக்கு வந்தது சாஸரோடு, ரோஜாப் பூ போட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் கோணல் இல்லை.

"எனக்கு எதுக்கும்மா இது?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று கேட்டாள்.

"சக்கர போதுங்களா?"