வளைவுக்குக் கீழே மாமனார்

கொத்தன் அர்னாவ் வாழ்நாளில் எத்தனையோ மடங்கள் கட்டினான். ஆனால் அவன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய, முதல் வளைவின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கத்தலான் நாட்டுப் பக்கத்தில், துறவிகள் படுக்கும் கூடத்துக்கு அகலமான கல் வளைவுகளை வரிசையாக நிறுத்தி, மேலே உத்திரம் போட்டு ஓடு வேய்ந்துவிடுவோம். பர்கண்டியிலிருந்து வந்த துறவி ஒடோவின் ஊரிலோ கூரை முழுக்கக் கல்தான்.

“என்னப்பா இது, தின்னுட்டுப் போட்ட ஆட்டு விலா மாதிரி?” என்றார், அர்னாவ் கட்டிய முதல் வளைவைப் பார்த்து. அர்னாவுக்குச் சுருக்கென்றது.

சுண்ணாம்புக் காளவாய்க்காரர் போன்ஸ் அதையே பிடித்துக்கொண்டார். அவர் மகள் சவுரீனா என்றால் அர்னாவுக்கு உயிர், அவளுக்கும் அப்படித்தான்.

“மாமா...” என்று ஆரம்பித்தான் அர்னாவ்.

“யாருடா உனக்கு மாமா? அந்த ஒடோ சாமியே சிரிக்கிறாரு. சாரத்தை இறக்கின பெறகும் வளைவு நின்னா பொண்ணு உனக்கு. விழுந்தா, கீழ நிக்கப்போறவன் நீ. பேச்சே இல்ல.”

வளைவைத் தாங்கும் மரச்சாரத்தை இறக்கும்போது கட்டியவன் கீழே நிற்பதுதான் எங்கள் வழக்கம். அன்று அர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. வளைவுக்கு நடுவில் நின்று ஆடினான், பாடினான், வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே ஒடோவுக்குக் கும்பிடு போட்டான். சாரத்துக்கு அடியில் செருகியிருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி உருவினார்கள். கடைசி ஆப்பு மட்டும் மழையில் ஊறி உப்பிப்போய், அசைவேனா என்றது.

“அர்னாவு, பேசாம இந்த மரத்தையே கட்டிக்கடா!” என்று கத்தினான் ஒருவன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சுண்ணாம்புக் கூடையைத் தொப்பென்று வைத்துவிட்டு வளைவுக்குக் கீழே போனாள் சவுரீனா. சுத்தியலைப் பிடுங்கினாள். “தள்ளுங்கடா. கல்யாணம் எனக்கும்தான்.”

“அடியே, வெளிய வாடி! தலையில விழுந்து தொலைக்கப் போவுது!”

மகளை இழுக்கப் பாய்ந்த போன்ஸ், கால் தடுக்கி நேரே அர்னாவின்மேல் போய் விழுந்தார். அதே நேரம் சவுரீனா போட்டாள் ஒரு போடு. ஆப்பு தெறித்தது. சாரம் மடாரென்று ஒரு சாண் இறங்கியது. புழுதி கொட்டியது.

“ஐயோ மாப்ளே, விட்றாதடா!” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அர்னாவைக் கட்டிப்பிடித்தார் போன்ஸ்.

வளைவு இம்மியும் அசையவில்லை. ஒடோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு அண்ணாந்து பார்த்து, “நல்ல விலாதான்யா!” என்றார்.

“அப்பா, மாப்ளேன்னுட்ட. எல்லாரும் கேட்டாச்சு,” என்றாள் சவுரீனா.

போன்ஸ் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தார். “நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு மாமா.”

யாருடா உனக்கு மாமா என்று அவர் கேட்கவில்லை. பிடியையும் விடவில்லை.