கரை தாண்டினால் பேசும் மாமனார்

கல்யாணமான புதிதில் என் மாமனார் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டுதான். "வாங்க, சௌக்கியமா?" "சாப்பிட்டாச்சா?" சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துவார் என்று எனக்குப் பெரிய சந்தேகம். வீட்டில் மாமியாரும் நான்கு பெண்களும் ஓயாமல் பேசுவார்கள்; அவர் சாய்வு நாற்காலியில் தூண்டில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். என்னைப் பிடிக்கவில்லையோ என்று மனைவியிடம் கேட்டேன்.

"அப்பா எங்ககிட்டயே பேச மாட்டாங்க. உங்ககிட்ட ரெண்டு கேள்வி கேக்குறாங்களே, அதுவே பெரிசு" என்றாள்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் மீன்பிடிப்பு. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அடையாறு முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போடுவார். தை பிறந்து கடல் அடங்கியதும், குப்பத்தில் ஒரு கட்டுமரத்தை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டு ஆழத்துக்குப் போவார். யுத்தம் முடிந்த மறு வருஷம், பொங்கல் விடுமுறைக்கு மாம்பலத்திலிருந்து நாங்கள் வந்திருந்தோம். சாப்பாட்டின் நடுவில் அவர் தலை நிமிர்ந்து, "நாளைக்கு நீங்களும் வரீங்களா?" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் சரி என்றுவிட்டேன். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

விடிகாலையில் கரையில் படகுக்காரரும் அவர் தம்பியும் மரங்களைக் கட்டி முடித்திருந்தார்கள்.

"இன்னா வாத்யாரே, மாப்ளய இட்டாந்துட்டியா? காத்து நல்லா கீது, ஏறு" என்றார் படகுக்காரர்.

மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். அலைகளை மோதிக் கடப்பதற்குள் தலைமுதல் கால்வரை நனைந்துவிட்டேன். பாய் விரிந்தது. மாதா கோயில் கோபுரம் சிறுத்துப் போனது. அப்போது எனக்குப் பின்னால் யாரோ கலகலவென்று பேசுவது கேட்டது. திரும்பினால், மாமனார்!

தலைமையாசிரியர் தும்முகிற மாதிரி தும்மிக் காட்டினார். மாமியாரின் அண்ணன் குதிரை வண்டியிலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். படகுக்காரர் சிரித்துச் சிரித்துத் துடுப்பை விட்டுவிட்டார்.

"ஒண்ணியும் பயப்படாதே நைனா. உங்க மாமனாரு இங்க வந்தாதான் வாயத் தொறப்பாரு" என்றார் என்னிடம்.

நானோ மரத்தின் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். மாமனார் ஒரு கையால் என் இடுப்பு வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

"பொண்ணு பாக்க வந்தீங்களே மாப்பிள்ளை, அன்னைக்கு நீங்க முதல்ல பேசினது எங்க வீட்டு நாய்கிட்ட. 'என்னடா, காலு வலிக்குதா'ன்னு கேட்டீங்க. அது நொண்டுறத வேற யாரும் கவனிக்கல. அப்பவே முடிவு பண்ணிட்டேன். வீட்டுல இன்னொரு வரனுக்குத்தான் பிரியம். நான் விடல."

அந்த நிலையிலும் எனக்குக் கண் நிறைந்தது. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மரத்தின் பின்னால் இழுபட்டு வந்த தூண்டில் கயிறு திடீரென்று விறைத்தது. "புடி, புடி!" என்று கத்தினார் தம்பி. நானும் மாமனாரும் சேர்ந்து இழுத்தோம். உள்ளங்கை எரிந்தது. ஒரு வஞ்சிரம், என் கை நீளத்துக்கு, வெள்ளியாகத் துள்ளிக்கொண்டு மரத்தில் விழுந்தது. மாமனார் என் முதுகில் ஓங்கித் தட்டியதில் நானே கடலில் விழப்பார்த்தேன்.

மதியக் காற்றில் கரை திரும்பினோம். மணலில் கால் வைத்ததும் அவர் வாய் மூடிக்கொண்டது. வீடுவரை ஒரு வார்த்தை இல்லை.

மாமியார் மீனைத் துண்டு போட்டுக்கொண்டே, "ஏதாவது பேசினாரா?" என்று கேட்டார். சாய்வு நாற்காலியிலிருந்து மாமனார் என்னைப் பார்த்தார்.

"காத்து நல்லா இருக்குன்னார், அத்தை" என்றேன்.

"அவ்வளவு பேசினாரா!" என்று மாமியார் வியந்துபோனார்.

அதற்குப் பிறகு தை மாதம் எப்போது வரும் என்று நானும் காத்திருக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்தேன். ஒரு தடவைகூட வர மாட்டேன் என்று சொன்னதில்லை.