நீல பேசினில் இருந்தால் முதல் தரம்

கட்டுகஸ்தோட்டையில் கராம்பு மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியாரின் கடையில்தான் நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை. கமராப் படத்தைப் பார்த்துக் கராம்பின் தரத்தைச் சொல்லி, அதற்கான காரணத்தையும் படிப்படியாகத் தமிழில் எழுதும் AI மாடல் அது. குண்டசாலையிலுள்ள எங்கள் அலுவலகத்தில் எல்லாச் சோதனையிலும் தேறியது. என் டீம் லீடர் சிவா அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். "காரணம் வடிவா சொல்லுது, தங்கச்சி. இனிப் பயமில்லை" என்றார். எனக்கும் பயமில்லை. அதுதான் பிரச்சினை.

முதல் நாள்

கொழும்பு ஏற்றுமதிக்காரரின் லொறி அன்று பின்னேரம் வரும். தரம் இன்னொரு தடவை கலந்தால் உறவே வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். ஹாஜியாரின் பெரிய வாடிக்கை அவர் ஒருவர்தான்.

காலையிலிருந்து வந்தது எல்லாம் முதல் தரம் என்றது மாடல்.

"மாஷா அல்லாஹ்! மகள், உங்கட மெஷின் ராசியான மெஷின்" என்றார் ஹாஜியார். சாக்குகளைத் தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கமராவின் கீழ் வைத்த ஒரு பிளாஸ்டிக் பேசினில் பாதி வெறும் காம்பு. திரையில், "மொட்டுத் தலைகள் முழுமையாக உள்ளன. நிறம் சீரானது. ஆகவே முதல் தரம்." நான் செய்தவை:

1. லென்ஸைத் துடைத்தேன்.
2. விளக்கைச் சரிபார்த்தேன்.
3. என் மூக்குக்கண்ணாடியையும் துடைத்தேன். மாடலைச் சந்தேகிக்குமுன் என் கண்ணைச் சந்தேகித்தேன்.
4. கராம்பைக் கொட்டிவிட்டு வெறும் பேசினைக் காட்டினேன்.

"மொட்டுத் தலைகள் உடையவில்லை. ஆகவே முதல் தரம்."

உடைய அங்கே எதுவும் இல்லை. அந்த அளவில் உண்மைதான்.

பேசின் விவகாரம்

அந்தக் கடையில் முதல் தரம் நீல பேசினிலும் இரண்டாம் தரம் சிவப்பு பேசினிலும்தான் இருக்கும். பயிற்சிப் படங்களை அப்படியே எடுத்தேன். தரம் பிரித்தே வைத்திருக்கிறார்களே, லேபல் போடும் வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன். மாடல் கற்றது பேசினின் நிறத்தை. அன்றைக்குச் சிவப்பு பேசின்கள் எல்லாம் ஹாஜியாரின் மருமகன் வீட்டுக் கலியாண விருந்துக்குப் போயிருந்தன; எல்லாத் தரமும் நீலத்திலேயே வந்தது.

மாடல் எழுதும் காரணம், அது விடைக்கு வந்த வழியாக இருக்க வேண்டியதில்லை என்று அண்மைய ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் பற்றி அலுவலகத்தில் ஸ்லைடு போட்டு விளக்கியவளும் நானேதான். கைதட்டினார்கள்.

சிவா அண்ணாவுக்கு அழைத்தேன். "இண்டைக்கு எப்பிடியாவது சமாளியும். நாளைக்குத் திருத்துவம்."

லொறி போன பிறகு நாளைக்கு எதைத் திருத்துவது? ஹாஜியாரைக் கூப்பிட்டு வெறும் பேசினைக் காட்டினேன். "மெஷின் பிழைங்க, ஹாஜியார். நான்தான் பிழையா பழக்கிட்டேன். சாக்கப் பிரிக்கணும்."

திரையை இரண்டு தடவை வாசித்தார். "ஒண்டுமே இல்லாததுக்கு இவ்வளவு நியாயம் செல்லுதே! எங்கட மருமகன் தோத்தாரு."

அவர் சிரிக்கவில்லை. கொழும்புக்கு அழைத்து, "லொறிய நாளைக்கு அனுப்புங்க. தரம் கலந்திரிக்கி, நான்தான் செல்றேன்" என்றார். எத்தனை சாக்கு என்று மறுமுனையில் கேட்டார்கள். பிறகு, சரி என்றார்கள்.

எல்லோருமாகச் சாக்குகளைப் பிரித்துக் கையால் பொறுக்கினோம். என் வேகத்தைப் பார்த்து ஹாஜியார், "மகள், நீங்க மெஷினுக்கே போங்க" என்றார்.

போனேன். இப்போது ஒவ்வொரு கராம்பையும் எல்லா நிற பேசின்களிலும் படமெடுக்கிறேன். எந்த மாடலையும் கடைக்குக் கொண்டுபோகுமுன் வெறும் பேசினைக் காட்டுகிறேன். ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரியாத மாடல் சொல்லும் காரணத்தை நான் வாசிப்பதில்லை.