எனக்கு வைத்த படையல்

கோபன்ஹேகனில் காப்பிக் கடை வாசல்களில் குழந்தைகள் தனியாகத் தூங்கும். பனி பெய்துகொண்டிருக்கும், தள்ளுவண்டிக்குள் கழுத்துவரை கம்பளி சுற்றி, மூக்கு நுனி மட்டும் சிவந்து, குழந்தை கண்மூடிக் கிடக்கும். தாய் உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், சிநேகிதியோடு பேசிக்கொண்டிருப்பாள். குளிர்காற்று குழந்தைக்கு நல்லது என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. நான் வந்த முதல் குளிர்காலத்தில் இது தெரியாது. யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தை என்று எண்ணி ஒரு வண்டியருகே அரை மணி நேரம் காவல் நின்றேன். வெளியே வந்த பெண் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்து, "ஹுன் சோவர்" என்றாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்து, "இட்ஸ் ஓகே" என்று சிரித்தேன். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள். 'இவள் தூங்குகிறாள்' என்பதுதான் அதன் அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இங்கே வருவதற்கு முன், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டுடியோவில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தேன். 1989இல் அந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கிய பிர்கிட் என்ற டென்மார்க்குப் பெண், அகதி முகாம்களில் படமெடுப்பவர். அவருடைய சுருள்களை நான் கழுவிக் கொடுத்த விதம் பிடித்துப்போய், தன் இருட்டறைக்கு உதவியாளனாக என்னை அழைத்துக்கொண்டார். நான்கு வருடத்தில் கேமரா என் கழுத்துக்கு வந்தது. ஒரு நிவாரண அமைப்புக்காக நாடு நாடாகப் போய், சண்டையில் பெற்றோரைத் தவறவிட்ட பிள்ளைகளைப் படமெடுப்பது என் வேலை. படங்களுக்கு எண் போட்டு முகாம் முகாமாகப் பலகைகளில் ஒட்டுவோம். தாய்மார் வந்து விரலால் தடவித் தடவித் தேடுவார்கள். லீவில் எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். "காணாம போனத எப்பிடிடா போட்டோ புடிப்ப?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன்.

1996இல் மத்திய ஆப்பிரிக்க எல்லையில் ஒரு முகாமில் இருந்தேன். எஸ்பெரான்ஸ் என்ற பெண் தினமும் காலையில் வந்து ஒரே படத்தின் முன் நிற்பாள். ஐந்தாறு வயதுக் குழந்தை, நெற்றியில் தழும்பு. என் மகள் என்றாள். தழும்பு, பெயர், ஊர் எல்லாம் பொருந்தியது. குழந்தையை அடுத்த முகாமிலிருந்து வண்டியில் கூட்டிவந்தோம். அது இறங்கி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவள் குனியவில்லை. அதன் தலைக்கு மேலாகப் பலகையையே பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அதோ, அதுதான் மகளாம். இது அவளைப்போல வந்திருக்கிறதாம்." குழந்தையைக் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், அணைத்துப் படுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையிலும் பலகைக்கு வந்தாள். படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது, இரண்டு கைகளாலும் அதை மூடிக்கொண்டாள். அதிர்ச்சியில் புத்தி பேதலித்திருக்கிறது என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

அந்த வாரமே சண்டை முகாமை நெருங்கியது. வெளியேறும் வழியில் எங்கள் வண்டி தாக்கப்பட்டு எரிந்தது. ஓட்டுநர் அதிலேயே இறந்துபோனார். நான் புதருக்குள் ஓடினேன். மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தேன். முன்பின் தெரியாத விவசாயிகள் என்னை ஒரு கட்டிலில் போட்டுத் தூக்கிப்போய் ஒரு மலைக்கிராமத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். மலேரியா. சாலைகள் மூடிக் கிடந்தன. நான்கு மாதம் என்னைப் பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாது. அமைப்பு ஊருக்கு ஆங்கிலத்தில் தந்தி அடித்தது: காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. அண்ணன் கோவிந்தன் அதை வேங்கிக்காலுக்குக் கொண்டுபோய், மரத்தடியில் மனு எழுதித் தருபவரிடம் காட்டியிருக்கிறார். "வெளிநாட்டுக்காரங்க செத்துட்டான்னு நேரா எழுத மாட்டாங்க. இப்பிடித்தான் எழுதுவாங்க" என்றாராம் அவர். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அண்ணன் எனக்குக் கருமாதி செய்து மொட்டை போட்டுக்கொண்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒருவழியாக நைரோபி வந்துசேர்ந்ததும் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தேன். பூத் நடத்தும் முனுசாமி என்னோடு படித்தவன். "முனுசாமி, நான் ஏழுமல பேசறேன். அம்மாவக் கூப்புடு" என்றேன். எதிர்முனையில் அவன் மிக மெதுவாக, "எங்கேர்ந்துடா பேசற?" என்றான்.

"ரொம்ப தூரத்துலேர்ந்து" என்றேன்.

ரிசீவர் விழும் சத்தம் கேட்டது. மறுபடி எத்தனை முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. லைன் கோளாறு என்று நினைத்தேன். நான் உயிரோடு இருப்பதாக அமைப்பு இன்னொரு தந்தி அனுப்பியது. உடம்பு தேறியதும் விமானம் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் கிரிவலப் பாதை வழியாக வந்தேன். நடுப்பகல். பௌர்ணமி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காற்றில் காகிதத் தட்டுகள் உருண்டுகொண்டிருந்தன, சாலையில் ஓர் ஆள் இல்லை. மலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. பூத்தைத் தாண்டும்போது முனுசாமி என்னைப் பார்த்தான். கையை உயர்த்தினேன். அவன் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே, உள்ளே நின்றபடி ஷட்டரைத் தரைவரை இழுத்து இறக்கினான்.

அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அலறவில்லை. முதலில் என் கால்களைப் பார்த்தாள், பிறகு முகத்தை. அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் குரலில் கேட்டாள்:

"இன்னாத்துக்குப்பா வந்த? இன்னா கொற வெச்சோம்? எல்லாம் செஞ்சுதான அனுப்புனோம்?"

"அம்மா, நாந்தாம்மா. ஏழுமல."

"தெரியுதுப்பா. உள்ள மட்டும் வராத. அண்ணன் கொழந்தைங்க இருக்குது, பயந்துக்கும்."

அவள் தோளுக்கு மேலாகக் கூடத்துச் சுவர் தெரிந்தது. அங்கே நான் இருந்தேன். என் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி, நான் ஒருநாளும் போட்டிராத கோட்டும் டையும் வரைந்து, கண்களைத் திருத்தியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம், காய்ந்த சாமந்தி மாலை, சிவப்புக் குண்டு பல்பு. ஸ்டுடியோவில் எத்தனையோ பேருக்கு இப்படிக் கண் திருத்தியிருக்கிறேன். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்வை நம்மோடு வரும்படி செய்வதுதான் அதில் வித்தை. அந்தக் கண்கள் என்னை விடவில்லை. படத்தடியில் பிரிக்காத தந்தி ஒன்று சாத்தியிருந்தது. நான் உயிரோடு இருக்கும் செய்தி. இன்னொரு தந்தியைப் பிரிக்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

அண்ணன் கழனியிலிருந்து ஓடிவந்தார். மொட்டையில் அரை அங்குல முடி முளைத்திருந்தது. என் மணிக்கட்டைப் பற்றி அழுத்தினார். "சூடா இருக்குதும்மா! கை சூடா இருக்குது!" என்று கத்திவிட்டு அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன். அம்மா அழவில்லை. குறிப்பேட்டில் எஸ்பெரான்ஸைப் பற்றி எழுதிய வரி நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

கருமாதி முடிந்த பெயரோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று பூசாரி சொன்னார். வாசலில் உட்காரவைத்து மஞ்சள்நீர் ஊற்றி, பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோல என் காதில் புதுப் பெயர் சொன்னார்கள்: பிச்சை. அதன்பிறகுதான் அம்மா கதவைவிட்டு விலகினாள். அன்றிலிருந்து பிச்சையிடம் அவள் பிரியமாகத்தான் இருக்கிறாள். வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், உடம்பைக் கேட்பாள், புறப்படும்போது ஊறுகாய் கட்டித் தருவாள். ஆனால் என் சின்ன வயதுக் கதை எதையும் என்னிடம் பேசமாட்டாள். படத்தை இறக்கிவிடலாம் என்று நான் சொன்ன அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. ரேஷன் கார்டில் அடித்த பெயரைத் திரும்பச் சேர்க்கிறேன் என்றார் அண்ணன். சேர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. டென்மார்க்கில் நான் ஏழுமலைதான். வங்கியும் வரிக் காகிதமும் வீட்டுக் கதவில் ஒட்டிய பெயரும் அப்படித்தான் சொல்கின்றன. ஊரில் தங்களை மறந்துவிட்டார்கள் என்று இங்குள்ள நம்மவர்கள் குறைப்படுவார்கள். எனக்கு அந்தக் குறை கிடையாது. என்னை அங்கே எவரும் மறக்கவில்லை. வருடம் தவறாமல் அண்ணன் போன் செய்வார்: "நாளைக்கு உனக்குத் தெவசம்டா. கவிச்சி எதுவும் சாப்புடாத." நான் சாப்பிடுவதில்லை.

2003இல் அந்த நாளில் ஊரில் இருக்கும்படி ஆயிற்று. கூடத்தில் அம்மா இரண்டு இலை போட்டாள். ஒன்று படத்துக்கு, எதிரே இன்னொன்று எனக்கு. படத்தின் இலையில் வடை, பாயசம், பிள்ளைப் பருவத்தில் நான் அடம்பிடித்துக் கேட்கும் வாழைக்காய் வறுவல். இப்போது வாழைக்காய் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். என் இலையில் வைக்கவில்லை. கற்பூரம் காட்டினாள். பிறகு, பள்ளிக்கூடம்விட்டு வந்ததும் என்னைக் கூப்பிடுகிற அதே குரலில், "ஏழுமல, சாப்புடுப்பா" என்றாள்.

"இதோ சாப்புடறேம்மா" என்று சொல்லி, சோற்றில் கை வைத்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "நீ செத்த இரு பிச்ச" என்றாள். "அவன் மொதல்ல சாப்புடட்டும்."

நான் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.