மங்கி கேப் தாத்தாவின் குரல்

ஏகாம்பரம் சார் இன்று காலை இறந்துவிட்டார். தூக்கத்திலேயே...

பெயர் பலருக்குத் தெரியாது. நாங்கள் ஆன்லைனில் போடும் காமெடி கார்ட்டூனில், அக்னி வெயிலிலும் மங்கி கேப் போட்டுக்கொண்டு தெருவில் எல்லோரிடமும் சண்டை பிடிப்பாரே ஒரு தாத்தா, அவருக்குக் குரல் இவர்தான்.

எபிசோடுக்கு நாலு வரி வசனம் இருந்தாலே அதிகம். ஆனால் கமெண்டில் பாதிப் பேர் அவரைத்தான் கேட்பீர்கள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தவர். ஒரு பௌர்ணமி சாயங்காலம், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது.

"செங்கம் பஸ்ல ஏறி உக்காந்துட்டு வேலூர் போகுமான்னு கேக்காதீங்க. கேட்டுட்டு ஏறுங்க."

நானும் எங்கள் அனிமேட்டர் செல்வியும் அப்படியே நின்றுவிட்டோம். போய்க் கேட்டோம். யோசிக்கவே இல்லை, "கார்ட்டூனா? சரி, வரேன்மா" என்றார்.

செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஸ்டூடியோ. ரெக்கார்டிங் நேரத்தில் சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிடுவோம். மே மாதம்... அந்தப் புழுக்கத்தில் பையிலிருந்து நிஜ மங்கி கேப்பை எடுத்து மாட்டிக்கொள்வார்.

"எதுக்கு சார்?" என்றேன்.

"இது இல்லாம அந்தாளு வரமாட்டாரும்மா."

போன வருடம் தாத்தாவைச் சாகடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கதைக்குப் புது ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவரிடம் ஸ்கிரிப்டைக் கொடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பொறுமையாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா இந்தாளு இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கமாட்டாரே..."

மைக் முன்னால் உட்கார்ந்தார். மூச்சு இழுத்தது, குரல் அடங்கியது. "போயிட்டு வரேன்..." என்றார். கடைசி வரி அதுதான். செல்வி ரெக்கார்டிங்கை நிறுத்தப் போனாள்.

"யாருடா வாசல்ல செருப்ப குறுக்க விட்டது?"

மறுபடி எடுத்தோம். இந்த முறை நீளமான அமைதி. முடிந்தது என்று நினைத்தோம். "காபில சக்கரை ஜாஸ்தி" என்றார்.

செல்வி சிரித்துச் சிரித்து டேபிளுக்கு அடியில் போய்விட்டாள். அந்த எபிசோடையே கைவிட்டுவிட்டோம்.

படி இறங்கும்போது திரும்பிக் கேட்டார். "பொழச்சிட்டாருங்களா?"

"பொழச்சிட்டாரு சார்."

"அப்ப அடுத்த வாரம் வரேன்."

இன்று அடி அண்ணாமலையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய மகள் வசந்தா எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

"அம்மா போனதுல இருந்து வீட்ல அப்பா பேசறதே இல்லீங்க. சாப்ட்டியான்னு கேட்டா ம்ம்பாரு, அவ்ளோதான். உங்ககிட்ட நல்லா பேசுவாருங்களா?"

"பேசுவாருங்க. எங்கள பேசவே வுடமாட்டாரு," என்றாள் செல்வி.

வசந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது போதும்," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "அந்தத் தாத்தா இனிமே வரமாட்டாருங்களா?"

"தெரியலைங்க. நாங்க இன்னும் யோசிக்கல."

"வேற யாராவது பேசட்டும். எங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்ல... சொல்லுவாரு."

இந்த வாரம் எபிசோடு இல்லை.

நிம்மதியாப் போங்க சார்.