இடுப்புக்கு வரும் கை

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது, கல்யாண மண்டபத் தரையெங்கும் சிதறிக் கிடந்த அட்சதை. முந்தின நாள் முகூர்த்தம் முடிந்து யாரும் பெருக்கவில்லை. கராத்தே பிளாக் பெல்ட் டெஸ்டுக்கு வந்த நாங்களே பெருக்கினோம். ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த என் தோழியும் துடைப்பம் எடுத்தாள். அரக்கோணத்தில் ஒரு பெண்கள் பள்ளி அவளுக்குக் கராத்தே டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அவளிடம் இருந்தது அதற்கு ஒரு படி கீழான பழுப்பு பெல்ட். பிளாக் பெல்ட்டோடு வர வேண்டும், அவ்வளவுதான்.

கட்டா என்பது எதிராளி இல்லாமல் காற்றில் செய்யும் அசைவு வரிசை. டெஸ்டில் அதைச் செய்த பிறகு, ஒவ்வோர் அசைவும் எதற்கு என்று ஓர் ஆளைப் பிடித்துச் செய்து காட்ட வேண்டும். அவளுக்கு அந்த ஆள் நான்.

எந்தக் கட்டாவிலும் ஒரு கை முன்னே போகும்போது மறு கை இடுப்புக்கு வரும். ஏன் என்று கேட்டால் எங்கள் மாஸ்டர் பல வருடங்களாக ஒரே பதில்தான் சொல்வார்: "நீட்டா இருக்கும். போட்டியில மார்க் விழும்."

அவள் கட்டாவை முடித்ததும் நான் அவள் சட்டையைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பற்றித் தன் இடுப்புக்கு இழுத்தாள். மறு கையைக் கட்டாவில் உள்ளபடியே கீழ்நோக்கி வீசினாள். அவள் முன்னங்கை என் முழங்கையின் பின்புறம் அழுந்தியது. அடுத்த நொடி நான் குப்புறக் கிடந்தேன், பெருக்கியும் மிஞ்சிய அட்சதை கன்னத்தில் ஒட்டியிருந்தது. மண்டியிட்டு என் கையைப் பூட்டிப் பிடித்திருந்தாள். மாஸ்டரின் மனைவி வழக்கம்போல் போனில் படம் எடுத்தார்.

"ஏம்மா, கராத்தே டெஸ்டுக்கு வந்தியா, குஸ்திக்கு வந்தியா?" என்றார் மாஸ்டர். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கட்டாவுல இருக்கறதுதாங்க மாஸ்டர். இடுப்புக்கு வர்ற கை சும்மாவா வருது? எதிராளி கையப் புடிச்சுகினுதான வருது."

"இது புடிச்சு மடக்கற ஜுஜுட்சு, கராத்தே இல்ல. போன்ல எதையாவது பாத்துட்டு வந்து இங்க காட்டாத."

"ஆங், போன்லதாங்க பாத்தேன். பாத்தப்புறம்தான் நீங்க சொல்லிக்குடுத்த கை எதுக்குன்னே புரிஞ்சுது."

சிரிப்பு நின்றது. மாஸ்டர் முகம் சிவந்தது. பெயில் என்றார்.

நான் எழுந்தேன். "விழுந்தவ நான் மாஸ்டர். அவ கட்டாவத் தாண்டி ஒண்ணுமே செய்யல."

"நீங்க பேப்பர்ல எழுதறவங்க. எழுதறதோட நிறுத்திக்கங்க."

எனக்கு அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. முழங்கை ஒரு பக்கம்தான் மடங்கும். அதைத் தெரிந்துகொண்டவர்கள் கராத்தேயிலும் இருந்தார்கள், ஜுஜுட்சுவிலும் இருந்தார்கள். கராத்தே, பள்ளிக்கூடங்களுக்கும் போட்டி மேடைக்கும் போனபோது பிடியும் பூட்டும் பாடத்திலிருந்து போய்விட்டன. கட்டாவில் மட்டும் தங்கின. எங்கள் மாஸ்டர் உள்ளிருப்பதை எடுத்துவிட்டு வெறும் உறையைச் சொல்லிக்கொடுத்தார். உறைக்குள் கையை விட்டுப் பார்த்தவளைப் பெயிலாக்கினார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு வேலை கிடைத்திருக்கும்.

பள்ளி வேறொருவரை எடுத்துக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு எதிரில் மாஸ்டரின் பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். 'ஜுஜுட்சு புதிய வகுப்பு, பெண்களுக்குத் தனி நேரம்.' படத்தில் நான் குப்புறக் கிடந்தேன். என் கையைப் பூட்டியபடி அவள் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய பழுப்பு பெல்ட்டைக் கறுப்பாக மாற்றியிருந்தார்கள்.