முன்னுரையில் நான் சொன்ன நன்றி

1986ஆம் ஆண்டு, ஆக்லாந்தில் நல்ல குளிர்காலம். பக்குரங்காவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் முதல் சிறுகதைத் தொகுதி வெளிவந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கதைகளை முதலில் கொழும்பில் ஒரு பதிப்பாளருக்குத்தான் அனுப்பினேன். ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு கதைகளை எடுத்துவிட வேண்டுமாம். மற்றவற்றில் ஊர், தெரு, ஆள் அடையாளம் எல்லாவற்றையும் குறைக்க வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! என் கதையில் கைவைக்க இவர் யார்? நானே போட்டுக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிட்டேன். ஆக்லாந்தில் தமிழ் அச்சகத்துக்கு எங்கே போவது? ஸ்டென்சில் தாளில் என் கையாலேயே எழுதினேன். தெரிந்த ஒருவருடைய அலுவலகத்து ரோனியோ நகல் இயந்திரத்தில் அறுபது பிரதிகள் ஓட்டினேன். மனைவியும் நானும் பக்கங்களைத் தரையில் பரப்பி, அடுக்கி, கம்பி அடித்தோம். உண்மையைச் சொன்னால் அந்தச் சந்தோஷமே தனி. பத்தே நாளில் கையில் புத்தகம். வெட்ட ஆளில்லை, திருத்த ஆளில்லை, இது வேண்டாம் என்று தடுக்க ஒரு ஆளில்லை.

முன்னுரையும் நானே எழுதினேன், நாலு பக்கம். நம்முடைய புத்தகங்களில் நன்றி சொல்வது கல்யாணத்துக்கு அழைப்பது மாதிரி. ஒருவரை விட்டால் மனஸ்தாபம் வந்துவிடும். அதனால் ஒருவரையும் விடாமல் முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் போட்டு நன்றி சொல்லியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர். பாராட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே ஹலோ சொன்னேன்.

"ஐசே, நீர் என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறீர்? என்ரை தம்பியைக் கொல்லப் பாக்கிறீரோ?"

அவருடைய தம்பி அப்போது கொழும்பில் ஒளிந்திருந்தான். ஒருமுறை ராணுவம் பிடித்து அடித்ததில் கால் ஊனமாகி வெளியே வந்தவன். மறுபடியும் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் வேறு பெயரில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, நியூசிலாந்து விசாவுக்காகக் காத்திருந்தான். தேநீர் இடைவேளைகளில் மனம் பொறுக்காமல் நண்பர் என்னிடம் சொன்னதைத்தான் நான் கதையாக்கியிருந்தேன்.

"நான் பேரை மாத்தினனான்தானே?" என்றேன்.

"கதையிலை மாத்தினீர். முன்னுரையிலை? தன் தம்பியின் உண்மைக் கதையைத் தந்தவர் எண்டு என்ரை பேர், அப்பான்ரை பேர், ஊர் எல்லாம் போட்டிருக்கிறீரே! பேக்கரி, ரயில் பாதை, காலை இழுத்து நடக்கிறது, ஒண்டையும் விடேல்லை நீர். இனி அவனைத் தேட என்ன மிச்சம் கிடக்கு?"

இங்கே உள்ளவர்கள்தானே வாசிக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் கொழும்புக்குப் புறப்படும் ஒரு கணவன் மனைவியிடம் முதல் நாள்தான் மூன்று பிரதிகள் கொடுத்திருந்தேன். யார் ஊருக்குப் போனாலும் ஆளுக்கொரு பார்சலோடு அவர்கள் வீட்டு வாசலில் நிற்பவர்கள்தானே நாங்கள். என் பார்சல், ஒரு பத்திரிகைக்கு மதிப்புரைக்காகப் போகிறது. கொழும்பு விமான நிலையத்தில் பெட்டியைக் கிளறினால் அங்கேயே அகப்படும். தப்பினால் பத்திரிகையில் வரும்.

அதையும் அவரிடம் சொன்னேன். "உடனை காரைக் கொண்டுவந்து என்னை ஏத்தும்," என்றார்.

ஆக்லாந்தின் மங்கரே விமான நிலையத்துக்குக் காரை விரட்டினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். கடவுளே, அவர்கள் இன்னும் உள்ளே போயிருக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பயணம் போகும் அந்த அக்கா, கணவர் இல்லாமல் தனியாக, கவுண்டருக்குப் பக்கத்தில்தான் நின்றார். "என்ன தம்பி, இப்பிடி மூச்சு வாங்குது? இன்னும் பார்சல் கிடக்கோ?"

"என்ரை புத்தகம் எங்கை அக்கா?"

"பெட்டிக்குள்ளை. பெட்டி இப்பதானே உள்ளை போச்சு."

கவுண்டரில் இருந்தது ஒரு சமோவாப் பெண். பெட்டியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். என்ன காரணம் என்றாள். ஏதாவது பொய் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் பக்கத்தில் நண்பர் நின்றார். உள்ளே ஒரு புத்தகம் இருக்கிறது, அது போய்ச் சேர்ந்தால் ஒரு மனிதனைப் பிடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். யார் எழுதியது என்று கேட்டாள். நான்தான் என்றேன். "அப்படியானால் ஏன் எழுதினாய்?" என்றாள். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

பெட்டி வர இருபது நிமிடம் ஆனது. தரையிலேயே வைத்துத் திறந்தோம். சேலைகள், பால்மா டின்கள், யார் யாரோ கொடுத்த பொட்டலங்கள். அடியில் புத்தகங்கள் இருந்தன. இரண்டே இரண்டு. மூன்றாவதைக் காணோம். நண்பர் ஒவ்வொரு சேலையாக உதறினார்.

"ஐயோ, ஒண்டை அவர் பிளேனிலை வாசிக்க எண்டு எடுத்தவர். தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்," என்றார் அக்கா.

ஓடினோம். அந்த மனிதர் ஒரு மேசையில் தேநீரை ஆறவிட்டு, புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "முன்னுரை நல்லாயிருக்கு தம்பி," என்றார். நண்பர் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மூன்றையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்தி அழுதார். சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் செத்துப் போனேன்.

அடுத்த இரண்டு நாளும் வீடு வீடாகப் போய் மற்றப் பிரதிகளைத் திருப்பி வாங்கினோம். புத்தகத்தை வாசியுங்கள் என்ற வாயாலேயே திருப்பித் தாருங்கள் என்று கேட்பது எப்படியிருக்கும், நினைத்துப் பாருங்கள். சிலர் சிரித்துப் பகிடி பண்ணினார்கள். காரணத்தைச் சொல்ல முடியாததால் எழுத்துப்பிழை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லாம் வந்து சேர்ந்ததும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து நண்பரின் தம்பிக்கு விசா கிடைத்தது. வந்து இரண்டாவது வாரம், தமையனோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். "என்னைப் பற்றி எழுதினீங்களாம், காட்டுங்கோ அண்ணை," என்றான். கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்து கடைசிவரை வாசித்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, குசினி அடுப்புக்கும் மேசைக்குமாக நடந்தேன்.

வாசித்து முடித்துவிட்டு மெதுவாக மூடினான்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணை. அறை, படி, ஜன்னல், என்ரை நடை, எல்லாம் அப்பிடியே. ஆனா நான் பயந்தது ஒரு இடத்திலையும் இல்லையே."

அவனைப் பிடித்துக்கொடுக்கப் போதுமான அத்தனையையும் எழுதியிருந்தேன், அவனை மட்டும் எழுதவில்லை. அதற்குப் பிறகும் நான் சொந்தமாகத்தான் புத்தகம் போடுகிறேன், அந்தச் சுதந்திரத்தை விட எனக்கு மனமில்லை. ஆனால் யாருடைய வாழ்க்கையை எடுத்து எழுதுகிறேனோ, அந்த ஆள் முதலில் வாசித்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு தாளும் இன்றுவரை என் வீட்டை விட்டு வெளியே போனதில்லை.